புறஜாதியாருக்கும் மறுமையில் பங்கு உண்டா? யூதர் சொல்லும் பதில்



பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த நம் ஜனங்களில் அநேகர் மஸ்ஜித் பந்தர் இரயில் நிலையத்தின் வழியாய் அனுதினமும் போய் வருகிறார்கள். அந்த நிலையத்துக்குச் சமீபத்தில், சாமுவேல் தெருவில், 1796ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட யூத ஜெப ஆலயம் ஒன்று இருப்பதை உங்களில் எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? 'இரக்கத்தின் வாசல்' என்பது அதன் எபிரெயப் பெயரின் பொருள். பூனாவில் இருப்பவர்கள் சிவப்புச் செங்கல் கோபுரத்தோடு நிற்கும் ஜெப ஆலயத்தைக் கண்டிருப்பீர்கள். டில்லியில் ஹுமாயூன் சாலையிலும், கொல்கத்தாவின் நெரிசல் மிகுந்த கடைத்தெருவிலும் அப்படிப்பட்ட ஆலயங்கள் உண்டு.

மும்பையின் யூதர் 'பெனே இஸ்ரவேல்' என்று அழைக்கப்படுகிறார்கள். இவர்களுடைய முற்பிதாக்கள் கொங்கணக் கரையோரக் கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் செக்கை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் அயலார் இவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் அயலாரோடு கலந்து வாழ்ந்தும், "எங்கள் மார்க்கத்தில் வந்து சேருங்கள்" என்று வீடு வீடாய் அழைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர் இவர்கள்.

நாமோ இரயில் பெட்டியிலும் மருத்துவமனை வாசலிலும் கைப்பிரதியோடு நிற்கிறவர்கள். ஒரு ஆத்துமாவும் கெட்டுப்போகக் கூடாது என்று இராமுழுவதும் ஜெபிக்கிறவர்கள். ஆகையால் நமக்குள்ளே ஒரு கேள்வி எழும்புவது இயற்கையே. யூதர் ஏன் யாரையும் அழைப்பதில்லை? தாங்கள் மாத்திரமே தேவனுடைய ஜனம், மற்ற எல்லாரும் அழிந்துபோகிறவர்கள் என்று எண்ணுகிறார்களா? அல்லது நம்முடைய ஆத்துமாவைக் குறித்து அவர்களுக்குக் கவலையே இல்லையா?

இவ்விரண்டில் ஏதோ ஒன்றுதான் பதில் என்று நம்மில் பலர் முடிவுகட்டியிருக்கிறோம். பிரசங்கப் பீடங்களிலிருந்தும் அப்படிக் கேட்டிருக்கிறோம். ஆனால் யூத போதகர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாய் எழுதி வைத்தவற்றைப் பொறுமையோடு பார்ப்போமானால், பதில் இவ்விரண்டும் அல்ல என்று அறிந்துகொள்வோம்.

சொற்களிலேயே உள்ள வித்தியாசம்

முதலாவது ஒன்றை மனதில் கொள்ளுங்கள். 'இரட்சிப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடனே நமக்குப் பாவமன்னிப்பும் நித்திய ஜீவனும் நினைவுக்கு வருகின்றன. யூதரோ அதே சொல்லை எபிரெய வேதத்தில் வாசிக்கும்போது, பெரும்பாலும் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்தும் சத்துருவின் கையிலிருந்தும் வருகிற விடுதலையையே நினைக்கிறார்கள். ஆதாமின் பாவத்தினால் மனுஷர் எல்லாரும் ஆக்கினைக்குட்பட்டுப் பிறக்கிறார்கள் என்ற போதனை அவர்களிடத்தில் இல்லை. ஒவ்வொரு ஆத்துமாவும் சுத்தமாகவே கொடுக்கப்படுகிறது, அதற்குள்ளே நன்மைக்கும் தீமைக்கும் ஏவும் இரண்டு நாட்டங்கள் போராடுகின்றன, தவறினவன் மனந்திரும்பினால் தேவன் ஏற்றுக்கொள்ளுகிறார் என்பதே ரபீமாரின் போதனை. இந்த மனந்திரும்புதலுக்கு 'தெஷுவா' என்று பெயர். திரும்பி வருதல் என்பது அதன் நேர்ப்பொருள்.

ஆகவே, "நீ இரட்சிக்கப்பட்டாயா?" என்று ஒரு யூதரிடத்தில் கேட்டால், அந்தக் கேள்வியே அவருக்குப் புரியாமற்போகலாம். அவர்களுடைய போதகர்கள் கேட்ட கேள்வி வேறு: "வரும் உலகத்தில் யாருக்குப் பங்கு உண்டு?" என்பதே அது. எபிரெயத்தில் 'ஓலாம் ஹபா' எனப்படும் அந்த மறுமையைக் குறித்தே அவர்கள் வாதாடினார்கள்.

நோவாவின் குமாரருக்கு ஏழு கட்டளைகள்

சீனாய் மலையில் இஸ்ரவேலோடு தேவன் உடன்படிக்கை பண்ணினார். அதற்கு அநேக தலைமுறைகளுக்கு முன்பே, ஜலப்பிரளயத்திற்குப் பின்பு, நோவாவோடும் அவன் சந்ததியோடும் உடன்படிக்கை பண்ணினார் என்று ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பூமியிலுள்ள ஜாதிகள் எல்லாம் நோவாவின் சந்ததியே. ஆகையால் அந்த உடன்படிக்கை சகல மனுஷரோடும் செய்யப்பட்டது என்று ரபீமார் கொண்டார்கள்.

அந்த உடன்படிக்கையின்படி புறஜாதியார் கைக்கொள்ள வேண்டியவை ஏழு என்று தல்மூத் கணக்கிடுகிறது. விக்கிரகாராதனை கூடாது. தேவதூஷணம் கூடாது. கொலை கூடாது. தகாத உறவும் விபசாரமும் கூடாது. களவு கூடாது. உயிரோடிருக்கும் மிருகத்திலிருந்து வெட்டியெடுத்த மாம்சத்தைப் புசிக்கக் கூடாது. ஏழாவது, நியாயம் விசாரிக்கும் மன்றங்களை ஏற்படுத்த வேண்டும். யூதனுக்கோ கட்டளைகள் 613 என்று எண்ணப்படுகின்றன. ஓய்வுநாளும், விருத்தசேதனமும், போஜனப் பிரமாணங்களும் இஸ்ரவேலின் மேல் வைக்கப்பட்டவை. மற்ற ஜாதிகளின் மேல் வைக்கப்பட்டவை அல்ல.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறதல்லவா? எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தாமல், விக்கிரகங்களுக்குப் படைத்தவை, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகிய நான்கிற்கு விலகியிருக்கும்படி எழுதியனுப்பினார்கள். இந்த நான்கும் ரபீமாரின் ஏழும் ஒரே பட்டியல் அல்ல. ஆனாலும் புறஜாதியான் யூதனாகாமலே தேவனுக்குப் பிரியமாய் நடக்கக்கூடுமா என்ற கேள்வி இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது.

ஒரு சங்கீத வசனமும் இரண்டு ரபீமாரும்

இந்தக் கேள்விக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிவிடவில்லை. எருசலேம் தேவாலயம் கி.பி. 70ஆம் ஆண்டு இடிக்கப்பட்டதற்குப் பின்வந்த தலைமுறையில் ரபீ எலியேசர், ரபீ யோசுவா என்ற இரண்டு போதகர்கள் இருந்தார்கள். சங்கீதம் 9:17ஐ இருவரும் ஆராய்ந்தார்கள். துன்மார்க்கரும், தேவனை மறக்கிற ஜாதிகளும் பாதாளத்துக்குப் போவார்கள் என்ற கருத்துள்ள வசனம் அது.

புறஜாதியாரில் ஒருவருக்கும் மறுமையில் பங்கில்லை என்பதற்கு இதுவே ஆதாரம் என்றார் எலியேசர். யோசுவா அதை மறுத்தார். வசனம் 'எல்லா ஜாதிகளும்' என்பதோடு நின்றிருந்தால் நீர் சொல்வது சரியாயிருக்கும். 'தேவனை மறக்கிற' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கிறபடியால், தேவனை மறவாத நீதிமான்களும் ஜாதிகளுக்குள்ளே உண்டு, அவர்களுக்கு வரும் உலகத்தில் பங்கும் உண்டு என்பது அவருடைய வாதம். மிஷ்னாவுக்குத் துணையாகத் தொகுக்கப்பட்ட 'தொசெப்தா' என்ற நூலில் இந்த வாதம் பதிவாகியிருக்கிறது. பின்வந்த யூத சமுதாயம் யோசுவாவின் பக்கமே நின்றது.

இதற்கு இன்னொரு சாட்சியாக அவர்கள் கொண்டுவந்தது யாரைத் தெரியுமா? பிலேயாமை! கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், இஸ்ரவேலர் எல்லாருக்கும் மறுமையில் பங்கு உண்டு என்று சொல்லப்பட்டபின், பங்கற்றவர்களின் பட்டியலும் வருகிறது. யெரொபெயாம், ஆகாப், மனாசே என்ற மூன்று ராஜாக்கள்; பிலேயாம், தோவேக்கு, அகித்தோப்பேல், கேயாசி என்ற நான்கு பேர். இவர்களில் பிலேயாம் இஸ்ரவேலன் அல்லன். புறஜாதியார் யாருக்குமே பங்கில்லையென்றால், பிலேயாமுக்கு மாத்திரம் பெயர் சொல்லிப் பங்கில்லை என்பானேன்? அவனுக்கில்லை என்றால் மற்ற ஜாதியாருக்கு வழியிருக்கிறது என்றுதானே பொருள் என்று தல்மூத் நியாயம் சொல்லுகிறது.

யூதர் இன்றும் வருஷத்தின் மகா பரிசுத்த நாளாகிய பாவநிவாரண நாளின் பிற்பகலில் யோனாவின் புஸ்தகத்தை ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். நினிவே புறஜாதியாரின் பட்டணம். அதின் ஜனங்கள் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டதாகவோ, இஸ்ரவேலோடு சேர்ந்ததாகவோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. பொல்லாத வழியை விட்டுத் திரும்பினார்கள், தேவன் மனமிரங்கினார். உபவாசித்துச் சோர்ந்திருக்கும் யூத சபைக்கு, மனந்திரும்புதலின் மாதிரியாய்க் காண்பிக்கப்படுகிறவர்கள் புறஜாதியாரே என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

ஓர் எழுத்தின் வித்தியாசம்

யூத மார்க்கத்தின் நியாயப்பிரமாணங்களை ஒழுங்குபடுத்தி எழுதியவர்களில் தலைசிறந்தவர் மைமோனிடீஸ். ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவாவில் பிறந்து, எகிப்தில் வைத்தியராய் ஊழியம் செய்து, 1204ஆம் ஆண்டு மரித்தவர். ஏழு கட்டளைகளை ஏற்று நடக்கிறவன் 'ஜாதிகளின் பக்திமான்'. அவனுக்கு மறுமையில் பங்கு உண்டு என்று அவர் தீர்த்துச் சொன்னார்.

ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார். இவை தேவன் மோசேயின் மூலமாய் வெளிப்படுத்தின கட்டளைகள் என்று விசுவாசித்து அவன் கைக்கொள்ள வேண்டும். தன் புத்திக்கு நலமென்று தோன்றினதினால் மாத்திரம் நல்லவனாய் நடந்தால், அவன் ஜாதிகளின் பக்திமான் அல்லன். அவர்களுடைய ஞானிகளில் ஒருவனே என்றார். 'ஞானிகளில் ஒருவனே' என்று எழுதினாரா, 'ஞானிகளிலும் ஒருவன் அல்லன்' என்று எழுதினாரா என்பதிலேயே பெரிய விவாதம். எபிரெயத்தில் ஓர் எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். பழைய அச்சுப்பிரதிகளில் 'அல்லன்' என்றிருக்க, கையெழுத்துப் பிரதிகள் சில 'ஞானிகளில் ஒருவனே' என்ற வாசகத்தைத் தாங்கி நிற்கின்றன.

இந்த நிபந்தனை ஒருவருடைய மனதை மிகவும் வருத்தியது. அவர் பெர்லின் பட்டணத்துத் தத்துவஞானியாகிய மோசே மெண்டல்சோன் (1729–1786). சீனாய் மலையைக் குறித்துக் கேள்விப்பட்டேயிராத தூரதேசத்து நல்ல மனுஷனை நீதியுள்ள தேவன் எப்படித் தள்ளுவார் என்று கலங்கி, 1773ஆம் ஆண்டு ரபீ யாக்கோபு எம்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சுவிசேஷத்தை ஒருபோதும் கேளாமல் மரித்த நம் பாட்டனார் பாட்டிமாரை நினைத்து நீங்களும் நானும் இராத்திரியில் விழித்திருந்து கேட்ட கேள்விக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? வேறொரு வாசலில் நின்று அதே கதவைத்தான் அவரும் தட்டியிருக்கிறார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1769ல், லாவாட்டர் என்ற சுவிட்சர்லாந்து தேசத்துப் போதகர் மெண்டல்சோனை நோக்கி, கிறிஸ்தவத்தின் சான்றுகளை மறுத்து எழுதும், இல்லாவிட்டால் கிறிஸ்தவராகும் என்று பகிரங்கமாய் அறைகூவல் விடுத்தார். மெண்டல்சோன் சாந்தமாய்ப் பதில் எழுதினார். தம்முடைய மார்க்கம் பிறரைத் திருப்ப ஆட்களை அனுப்புவதில்லை என்றும், சீன ஞானி கன்பூசியஸோ கிரேக்க ஞானி சோலோனோ தம் காலத்தில் வாழ்ந்தால் அவர்களை மார்க்கம் மாற்ற எண்ணாமலே நேசித்து மதிக்கத் தம்மால் கூடும் என்றும் விளக்கினார்.

எப்பொழுதும் இப்படியே இருந்தார்களா?

"பரிசேயர் ஒருவனை யூத மார்க்கத்தானாக்கச் சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித் திரிந்தார்கள் என்று மத்தேயு 23:15ல் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களுக்குள் யூத மார்க்கத்தமைந்தவர்களும் இருந்தார்கள் (அப். 2ஆம் அதிகாரம்). பந்தி விசாரணைக்கென்று தெரிந்துகொள்ளப்பட்ட ஏழுபேரில் அந்தியோகியா ஊரானாகிய நிக்கொலா அப்படிப்பட்டவரே (அப். 6:5). கொர்நேலியுவோ, விருத்தசேதனம் பெறாமலே தேவனுக்குப் பயந்து நடந்தவர்.

அந்நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய ஈராக் தேசத்தின் வடபகுதியில் அதியபேனே என்ற சிறு ராஜ்யம் இருந்தது. அதின் ராணி எலேனாளும் அவள் மகன் இசாத்தேசும் யூதருடைய தேவனிடத்தில் திரும்பினார்கள். இசாத்தேசு விருத்தசேதனம் பெற விரும்பினபோது, அனனியா என்ற யூத வியாபாரி அதைத் தடுத்தார். அரசன் அந்நிய முறைமையை ஏற்றால் ஜனங்கள் கலகம் செய்வார்களே என்று அஞ்சி, விருத்தசேதனம் இல்லாமலே தேவனை ஆராதிக்கலாம் என்றார். பின்பு கலிலேயாவிலிருந்து எலெயாசார் என்ற கண்டிப்பான போதகர் வந்தார். இசாத்தேசு மோசேயின் பிரமாணத்தை வாசித்துக்கொண்டிருக்கக் கண்டு, வாசித்தால் போதாது, அதிலுள்ளபடி செய்யவும் வேண்டும் என்று கடிந்துகொண்டார். அவ்வேளையே இசாத்தேசு விருத்தசேதனம் பெற்றார்.

ஒரே அரமனையில் இரண்டு யூதர், இரண்டு பதில்! எருசலேம் ஆலோசனை சங்கம் கூடிய அதே தலைமுறையில் நடந்தது இது. இன்னொன்றையும் கேளுங்கள். கிலவுதியு இராயனுடைய நாட்களில் உண்டான பஞ்சத்தைக் குறித்து அப்போஸ்தலர் 11:28ல் வாசிக்கிறோம். அந்தப் பஞ்சத்தில் அலெக்சந்திரியாவிலிருந்து தானியமும் சீப்புரு தீவிலிருந்து அத்திப்பழ வற்றலும் வாங்குவித்து எருசலேமின் ஏழைகளைப் போஷித்தவள் இந்த எலேனாளே.

மறுபுறம் மறைக்கக்கூடாத ஒரு காரியமும் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்ட யோவான் இர்க்கானு, இதுமேயரை வென்று, விருத்தசேதனம் பெறுங்கள் அல்லது தேசத்தை விட்டுப் போங்கள் என்று கட்டாயப்படுத்தினான். அப்படிச் சேர்க்கப்பட்ட இதுமேயரின் வம்சத்திலிருந்து வந்தவனே ஏரோது ராஜா.

பின்னாட்களில் நிலைமை மாறியது. ரோம இராயர்கள் யூதரல்லாதவருக்கு விருத்தசேதனம் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். நான்காம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவ இராயர்கள் யூத மார்க்கத்தில் சேருவதைத் தடைசெய்தார்கள். இஸ்லாமிய அரசுகளிலும் அவ்விதத் தடை இருந்தது. வாசலைத் தட்டினவனுக்குத் திறந்தால் முழுச் சபைக்கும் ஆபத்து என்ற காலம் அது. யூதர் பிறரை அழையாமல் இருப்பதற்கு அவர்களுடைய போதனை ஒரு காரணம். நம்முடைய பெயரைத் தரித்தவர்கள் இயற்றிய சட்டங்கள் இன்னொரு காரணம் என்பதை மனத்தாழ்மையோடு ஒத்துக்கொள்வோம்.

இடதுகை தள்ள, வலதுகை அணைக்க

அப்படியானால் யூத மார்க்கத்தில் சேரவே முடியாதா? முடியும். ஆனால் வாசல் எளிதில் திறப்பதில்லை. ரூத்தின் புஸ்தகம் முதல் அதிகாரத்தில் நகோமி தன் மருமக்களைத் திரும்பிப் போகும்படி 8, 11, 12ஆம் வசனங்களில் மூன்று தடவை சொல்லுகிறாள். இதைக் கொண்டே, சேர வருகிறவனை மூன்று தடவை திருப்பியனுப்ப வேண்டும் என்ற வழக்கத்துக்கு ரபீமார் ஆதாரம் காட்டினார்கள். அதேசமயம் இடதுகை தள்ளினாலும் வலதுகை அணைக்க வேண்டும் என்றும் போதித்தார்கள். கேயாசியை எலிசா இரண்டு கைகளாலும் தள்ளிவிட்டதைத் தவறென்று தல்மூத் கண்டிக்கிறது!

வருகிறவனிடத்தில் முதலாவது கேட்கப்படும் கேள்வி: இஸ்ரவேல் உபத்திரவப்பட்டு ஒடுக்கப்பட்டிருக்கிறதை அறிந்தும் ஏன் வருகிறாய்? அறிந்திருக்கிறேன், அதற்கும் நான் பாத்திரன் அல்ல என்று அவன் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு இலேசான கட்டளைகளில் சிலவும் பாரமானவற்றில் சிலவும் கற்பிக்கப்படும். வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடும் கட்டளை அவற்றில் ஒன்று. போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள். விவாகத்துக்காகவோ ஆதாயத்துக்காகவோ வருகிறவர்கள் நிதானமாய்ச் சோதிக்கப்படுவார்கள். இன்று வைதீகப் பிரிவில் இந்தப் படிப்பு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

முடிவிலே மூன்று நியாயாதிபதிகள் முன்பாகக் கட்டளைகளை ஏற்றுக்கொள்ளுதல், ஆண்களுக்கு விருத்தசேதனம், பின்பு 'மிக்வே' என்னும் குளத்தில் மூழ்குதல். ஊற்றுநீர் அல்லது மழைநீர் சேர்ந்த அந்தக் குளத்தில், தலைமுடி ஒன்றும் வெளியே தெரியாதபடி முழுவதும் மூழ்க வேண்டும். முழுக்கு ஞானஸ்நானத்தைக் கைக்கொள்ளுகிற நமக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. தண்ணீரிலிருந்து எழும்புகிறவன் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பானவன் என்கிறது தல்மூத். அவன் இனி 'ஆபிரகாமின் குமாரன்' என்று அழைக்கப்படுவான். அவனுடைய பழைய நாட்களை நினைப்பூட்டிப் புண்படுத்துவது பாவம். ஒபதியா என்ற ஒருவர், பிறப்பினால் யூதனல்லாத நான் ஜெபத்தில் 'எங்கள் பிதாக்களின் தேவன்' என்று சொல்லலாமா என்று மைமோனிடீசுக்கு எழுதிக் கேட்டார். தடையில்லாமல் சொல்லும், ஆபிரகாம் உமக்கும் தகப்பன் என்று பதில் வந்தது. சபைக்குப் புதிதாய் வந்தவரைப் பத்து வருஷத்திற்குப் பின்பும் பழைய ஜாதியின் பேரைச் சொல்லி அடையாளம் காட்டுகிற பழக்கம் நம்முடைய சபைகளில் இல்லையா? நம்மை நாமே நிதானித்துப் பார்ப்போம்.

திருப்பி அனுப்பப்பட்ட வாலிபன்

பிரான்சு தேசத்து லியோன் பட்டணத்தில் எமே பல்லியேர் (1868–1949) என்ற கத்தோலிக்க வாலிபன் இருந்தார். குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அவர், பதினேழு வயதில், பாவநிவாரண நாளின் முடிவு ஜெபவேளையில் தற்செயலாய் ஒரு ஜெப ஆலயத்துக்குள் பிரவேசித்தார். அங்கே கண்டது அவருடைய ஜீவியத்தையே திருப்பிவிட்டது. எபிரெயம் கற்றார். முடிவில் யூதனாகத் தீர்மானித்து, இத்தாலியில் லிவோர்னோ பட்டணத்து ரபீ எலியா பெனமோசேக்கின் (1823–1900) ஆலோசனையை நாடினார்.

பெனமோசேக் அவரை அவசரமாய் அழைத்துக்கொள்ளவில்லை. தேவனோடு சேருவதற்கு நீ யூதனாக வேண்டிய அவசியமில்லை; இஸ்ரவேல் ஆசாரிய ராஜ்யம், ஜாதிகள் அந்த ஆசாரியன் ஊழியம் செய்கிற ஜனங்கள்; ஜனங்கள் எல்லாரும் ஆசாரியராக வேண்டியதில்லையே; நோவாவின் உடன்படிக்கையில் நிலைத்திரு என்ற கருத்தில் வழிகாட்டினார். பல்லியேர் கடைசிவரை முறைப்படி யூதனாகாமல், யூதர் நடுவிலே போதித்தும் எழுதியும் வாழ்ந்தார். ரபீ மரித்தபின் அவருடைய பெரிய நூலை 1914ல் வெளியிட்டவரும் அவரே.

கிறிஸ்தவர்களைக் குறித்து?

பிரியமானவர்களே, உங்கள் மனதில் இருக்கும் கேள்வியை அறிவேன். அவர்களுடைய பார்வையில் நாம் எங்கே நிற்கிறோம்?

இதிலும் ஒரே பதில் இல்லை. மனுஷனை தேவனென்று தொழுவது விக்கிரகாராதனைக்குச் சமம் என்று கருதி, மைமோனிடீஸ் கிறிஸ்தவத்தைக் கடுமையாகவே தீர்த்தார். ஆனாலும் மேசியாவையும் வேதத்தையும் பற்றிய பேச்சைத் தூரத் தீவுகள்வரை கொண்டுபோனதினால், கிறிஸ்தவமும் இஸ்லாமும் மேசியாவின் நாளுக்கு உலகத்தை ஆயத்தப்படுத்துகின்றன என்றும் அவரே எழுதினார். தென்பிரான்சில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபீ மெனாகேம் மெயிரியோ, தேவபயத்துக்கும் ஒழுங்குக்கும் கட்டுப்பட்ட ஜாதிகளைப் பழைய விக்கிரகாராதனைக்காரரோடு சேர்த்து எண்ணக் கூடாது என்றார். திரித்துவ விசுவாசம் யூதனுக்கு விலக்கப்பட்டதானாலும் புறஜாதியானுக்குக் குற்றமாகாது என்பது ஐரோப்பிய ரபீமார் பலருடைய தீர்ப்பு. இன்று பெரும்பாலான யூத போதகர்கள் இந்த வழியையே சார்ந்திருக்கிறார்கள்.

'ஜாதிகளின் நீதிமான்' என்ற பழைய சொல்லுக்கு நம்முடைய காலத்தில் ஒரு முகம் கிடைத்தது. இட்லரின் நாட்களில் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் யூதரைக் காத்த புறஜாதியாருக்கு, எருசலேமிலுள்ள யாத் வாஷேம் நினைவகம் 1963 முதல் இந்தப் பட்டத்தை அளித்துவருகிறது. இதுவரை 28,000க்கும் அதிகமானோர் இப்படிக் கனம் பெற்றிருக்கிறார்கள். நம் சபைகளில் பலரும் அறிந்த கோரி டென் பூம் அம்மையார் 1967ல் இந்தக் கனத்தைப் பெற்றார். ஆலந்து தேசத்து ஹார்லெம் பட்டணத்தில், கடிகாரம் பழுதுபார்க்கும் தங்கள் வீட்டின் மறைவான அறையில் யூதரை ஒளித்து வைத்த குடும்பம் அது. 1944 பெப்ரவரியில் பிடிபட்டார்கள். வயதான தகப்பன் பத்து நாட்களுக்குள் காவலில் மரித்தார். சகோதரி பெட்சி அதே வருஷம் டிசம்பரில் ராவென்ஸ்புரூக் முகாமில் மரித்தார். கோரி அம்மையார் இயேசுவின் அடியாளாகவே வாழ்ந்து மரித்தார். அவரைக் கனம்பண்ணின யூதர், முதலில் எங்கள் மார்க்கத்துக்கு வா என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு மாதங்கள்

நியாயத்தீர்ப்பு, பாதாளம், நரகம் என்பவற்றை யூதர் மறுக்கிறார்களா? பழைய சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள், பரிசேயர் விசுவாசித்தார்கள் (அப். 23:8). பரிசேயரின் வழியே ரபீமாரின் வழியாயிற்று. எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரால், தண்டனையின் இடத்தை 'கெஹின்னோம்' என்கிறார்கள். ஆனால் துன்மார்க்கனுக்கு அங்கே நியாயத்தீர்ப்பு பன்னிரண்டு மாதம் என்பது ரபீ அக்கிபாவின் பெயரால் வழங்கும் போதனை. இஸ்ரவேலின் பாவிகளுக்கும் ஜாதிகளின் பாவிகளுக்கும் இதே கணக்கைத் தல்மூத் சொல்லுகிறது. அதைவிட நீண்ட தண்டனை மகா கொடியவர்களுக்கே என்கிறது.

இதனாலேயே ஓர் உருக்கமான வழக்கம் உண்டாயிற்று. தாய் தகப்பன் மரித்தால் பிள்ளைகள் 'கதீஷ்' என்னும் துதிஜெபத்தைச் சபையில் சொல்லுவார்கள். பன்னிரண்டு மாதமும் சொன்னால், என் தகப்பன் துன்மார்க்கன் என்று நானே ஒத்துக்கொண்டதாகுமே! ஆகையால் பதினொரு மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அன்பானவர்களே, இவற்றை அறிந்ததினால் நமக்கு என்ன பிரயோஜனம்?

முதலாவது, யூதரைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்போம். தாங்கள் மாத்திரமே பரலோகம் போவதாக எண்ணுகிற பெருமைக்காரர் என்று இனி எந்த மேடையிலும் சொல்லக்கூடாது. அவர்களுடைய போதனை அப்படியல்ல.

இரண்டாவது, வேஷத்தினால் யூதனாக முயல வேண்டாம். ஜெபச் சால்வையைப் போர்த்தி, ஆட்டுக்கொம்பை ஊதி, எபிரெயச் சொற்களை உச்சரித்தால் தேவனுக்கு அதிகச் சமீபமாவோம் என்ற எண்ணம் நம்முடைய சபைகள் சிலவற்றிலும் பரவியிருக்கிறது. யூதரே புறஜாதியானிடத்தில் அதைக் கேட்கவில்லை, அப்போஸ்தலரும் கேட்கவில்லை.

மூன்றாவது, மெய்யாகவே யூதனாவது விளையாட்டல்ல என்பதை அறிந்துகொள்வோம். வடகிழக்கில் மிசோரம், மணிப்பூர் மாநிலங்களில் 'பினே மெனாசே' என்று தங்களை அழைக்கும் ஜனங்கள் உண்டு. மனாசே கோத்திரத்தின் சந்ததி என்று நம்புகிற இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ சபைகளிலிருந்து வந்தவர்கள். 2005ஆம் ஆண்டு இஸ்ரவேலின் தலைமை ரபீ ஷ்லோமோ ஆமார் இவர்களை இஸ்ரவேலின் சந்ததியென்று ஏற்றார். ஆனாலும் முறைப்படி யூத மார்க்கத்தில் சேரவேண்டும் என்றார். பல ஆயிரம் பேர் அப்படியே இஸ்ரவேலுக்குப் போயிருக்கிறார்கள். இந்த வாசலில் பிரவேசிக்கிறவர் இயேசுவே மேசியா என்ற விசுவாசத்தை வெளியே விட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். வைதீகப் பிரிவானாலும் சீர்திருத்தப் பிரிவானாலும் இதில் விலக்கில்லை. குடும்பங்கள் இதனால் இரண்டாய்ப் பிரியும். அறியாமல் ஒருவரும் அந்தப் படியில் கால்வைக்க வேண்டாம்.

கடைசியாக, வித்தியாசத்தை மூடிமறைக்கவும் வேண்டாம். இயேசுவின் நாமத்தினாலேயே இரட்சிப்பு என்று நாம் விசுவாசிக்கிறோம். நேர்மையாய் ஜீவிக்கும் புறஜாதியானுக்கு அவனவன் இடத்திலேயே வாசல் திறந்திருக்கிறது என்று யூதர் விசுவாசிக்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒன்றென்று பாசாங்கு செய்வது அவர்களுக்கும் மரியாதையல்ல, நமக்கும் உண்மையல்ல. ஆனாலும் உங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் வசிக்கும் அயலார், தம்முடைய மார்க்கத்தாராக நீங்கள் மாறினால்தான் உங்களை நேசிப்பேன் என்று ஒருபோதும் சொல்லாத ஜனத்தைச் சேர்ந்தவராயிருந்தால், அவரை நேசிப்பதற்கு நீங்கள் மாத்திரம் நிபந்தனை வைக்கலாமா?

அடுத்த முறை மஸ்ஜித் பந்தரில் இறங்கும்போது, சாமுவேல் தெருவின் பக்கம் கண்களைத் திருப்பிப் பாருங்கள். 'இரக்கத்தின் வாசல்' என்று பெயரிடப்பட்ட ஒரு வீடு அங்கே நிற்கிறது. அந்தப் பெயருக்காகவாவது ஒரு நிமிஷம் நின்று, அந்த ஜனத்துக்காக ஜெபித்துவிட்டு உங்கள் வேலைக்குப் போங்கள்.